யானைக்கு எந்த வத்தல் நல்லது?

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்றெல்லாம் இழுக்காமல் நேராகச் சரக்குக்கே வந்துவிட்டார். "மாப்ளே, உங்க ஊர்ல யானையை விரட்ட வத்தலைப் போட்டுக் கொளுத்துறாங்களாமே, டிவியில காட்டினான். சம்பாவா, குண்டா? வருஷத்துக்கு எத்தனை டன் ஓடும்?" போட்ஸ்வானாவில் தனக்கு ஒரு மச்சினன் இருப்பதே இப்போதுதான் ஞாபகம் வந்தாற்போல் கேட்கிறார். இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டு. நடுவில் தூங்கிவிட்டால் டன் கணக்கு வரும் இடத்தில் எழுப்பு.

விஷயம் உண்மைதான். எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு, நான் இருக்கும் கசானே ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்தில் நிலம் இருக்கிறது. மக்காச்சோளம், தட்டாம்பயறு, தர்பூசணி போட்டிருக்கிறார். யானை இறங்காமல் இருக்க அங்கே ஒரு வைத்தியம் செய்கிறார்கள். காய்ந்த யானை லத்தியை உதிர்த்து, இடித்த வத்தலைக் கலந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, செங்கல் மாதிரி அச்சில் அடித்து வெயிலில் காயவைக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் வயலோரத்தில் அங்கங்கே வைத்து நெருப்பு மூட்டினால் மெதுவாகக் கனிந்து ராத்திரி முழுக்கப் புகையும். இன்னொரு முறையும் உண்டு: மிளகாய்ப் பொடியைப் பழைய என்ஜின் ஆயிலில் குழைத்துத் துணியில் தோய்த்து வேலிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது. அது பார்க்க அசிங்கமாக இருக்கும். கல்தான் கௌரவம்.

நான் இதில் எப்படி மாட்டினேன் என்று கேள். ஒருநாள் பேச்சுவாக்கில், எங்கள் ஊர் விருதுநகர், அப்பா வத்தல் கமிஷன் கடையில் இருந்தவர் என்று சொல்லிவைத்தேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹார்டுவேர் கடைக் கணக்கப்பிள்ளையான நான், முழங்கை வரை யானை லத்தியில் நின்றேன். இதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே. எம்.காம். படிக்க வைத்தவள் அவள்.

ஆனால் ஒன்று, அங்கே எனக்குக் கிடைத்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும். அவர்கள் வைத்திருந்த உள்ளூர் மிளகாயில் ஒன்றை எடுத்து, அப்பா செய்வது போலவே காதோரம் ஆட்டிப் பார்த்து, கிள்ளி, முகர்ந்து, விதையை உள்ளங்கையில் கொட்டி, "இதில் காரம் கிடையாது" என்று தீர்ப்புச் சொன்னேன். கூட்டம் மூச்சு விடவில்லை. இந்தப் பக்கத்திலும் நல்ல காரமான சிறு மிளகாய் விளைகிறது. யானை தின்னாத பயிர் என்பதற்காகவே சிலர் வேலியோரத்தில் போடுகிறார்கள். அன்று கையில் இருந்தது அந்த ரகமில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் நீ குழம்புக்கென்று கொடுத்தனுப்பிய சம்பா வத்தல் பொட்டலத்தைக் கொண்டுவந்தேன். கோபப்படாதே. ஒரு வருஷத்துக் காரக்குழம்பு யானைக்குப் போய்விட்டது.

கல் காய்ந்தபின், பொழுது சாய்ந்ததும் பற்றவைத்தோம். முதல் புகை எழுந்தவுடன் காற்று திரும்பிக்கொண்டது. வீட்டுக்கார அம்மா, அவர் தம்பி, தம்பியின் நாய், நான், எல்லாரும் ஒரே சுருதியில் தும்மினோம். அடையப் போன கோழிகள் மட்டும் அசையவில்லை. பறவைக்கு மிளகாயின் காரம் உறைக்காதாம்; கடித்துக் குதறும் மிருகங்கள் அண்டாமல், விதையை அப்படியே விழுங்கித் தூரப் போய்ப் போடும் பறவைகளுக்காகவே செடி இந்தக் காரத்தை வைத்திருக்கிறது என்கிறார்கள். கிளிக்கு நாம் பச்சை மிளகாய் கொடுப்பது இதனால்தான் செல்லும் போலிருக்கிறது. எனக்கோ கண் தெரியவில்லை. பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்ட அடுப்பில் தலையை விட்டது மாதிரி இருந்தது. நெடி வராவிட்டால்தான் கண்ணேறு பட்டிருக்கிறது என்பாளே அம்மா, அந்தக் கணக்கில் பார்த்தால் போட்ஸ்வானாவில் ஒரு மனுஷர் கண்கூட என்மேல் படவில்லை. அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

யானைக்கு இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். மணம் பிடிப்பதற்கான மரபணு நமக்கு ஏறத்தாழ 400 என்றால் ஆப்பிரிக்க யானைக்கு 2,000 பக்கம் என்று 2014இல் ஜப்பான்காரர்கள் எண்ணிச் சொன்னார்கள். நாய்க்குக்கூட அவ்வளவு கிடையாது. அந்த மூக்கோ ஆள் உயரத்துக்கும் மேல் நீளம். அத்தனை நீள மூக்கில் நம் ஊர் சம்பா வத்தல் ஏறினால் என்ன ஆகும்! யானை வரவில்லை. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் மத்தியானம் வந்தது.

இது எங்கள் யானையின் தனிப்பட்ட சாமர்த்தியம் இல்லை. ஒகவாங்கோ பக்கம் இதே கல்லை வைத்து முறையாக ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். வருகிற யானைகளின் எண்ணிக்கை குறையவில்லை, நேரம்தான் மாறியது. ராத்திரி புகைந்தால் பகலில் வருகின்றன. அதுவும் ஒரு லாபம்தான் என்கிறார் வீட்டுக்கார அம்மா. பகலில் என்றால் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு எதிரே நிற்க நாலு பேர் இருப்பார்கள்.

இப்போது அத்தானை எழுப்பு. 2022இல் ஐந்து நாடுகள் சேர்ந்து விமானத்தில் பறந்து யானைகளை எண்ணின. போட்ஸ்வானாவுக்கு மட்டும் சுமார் 1,32,000 வந்தது. ஜனங்கள் அப்போது 25 லட்சத்துக்கும் குறைவு. பதினெட்டுப் பேருக்கு ஒரு யானை என்று வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த யானை நாளைக்கு 150 கிலோ வரை தின்கிறது, தின்றதில் பாதிகூட ஜீரணமாவதில்லை, 100 கிலோ போல லத்தியாக வெளியே வந்துவிடுகிறது. ஆக தினமும் ஏறத்தாழ 13,000 டன் மூலப்பொருள் இலவசமாகத் தரையில் கிடக்கிறது. வத்தலோ ஒரு கல்லுக்கு ஒரு கைப்பிடி. அதையும் அவர்களே விளைவித்துக்கொள்கிறார்கள். எனவே அத்தான், இந்த வியாபாரத்தில் பஞ்சமில்லாமல் கிடைப்பது லத்திதான்; நீங்கள் வைத்திருப்பது மற்றது. கப்பல் கூலிக்குக்கூடக் கட்டாது.

அம்மா கேட்டாளாம், அந்த ஊர் யானையிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டாயா என்று. ஸ்ரீவில்லிபுத்தூர் யானையை நினைத்துக்கொண்டு கேட்கிறாள். இது வேறு ஜாதி. நம் யானைக்கு நெற்றியில் இரண்டு மேடு, இதற்கு நெற்றி வழவழவென்று இறங்குகிறது. முதுகு நடுவில் பள்ளம். காது முறத்தைவிடப் பெரிசு. பெண் யானைக்கும் தந்தம் உண்டு. நம்முடையதற்குத் தும்பிக்கை நுனியில் ஒரு விரல், இதற்கு இரண்டு. கீழே விழுந்த ஒற்றைக் காசை இன்னும் லாவகமாக எடுக்கும். ஆனால் எடுத்துப் பாகனிடம் கொடுக்காது. ஆசீர்வாதம் என்று தலையை நீட்டினால் தலை திரும்பி வராது.

சொந்தபந்தம் விசாரிப்பதில் நீ கெட்டிக்காரி, உனக்கு ஒரு செய்தி. யானைக்குக் கூடப்பிறந்த கிளை என்று இன்றைக்கு மிஞ்சியிருப்பது இரண்டே வகைதான். ஒன்று, இங்கே பாறை இடுக்கில் முயல் அளவில் ஓடும் ஹைராக்ஸ் என்ற பிராணி. இன்னொன்று கடற்பசு. பாக் விரிகுடாவில் 2022இல் தமிழ்நாடு அரசு காப்பகம் அறிவித்ததே, அதே கடற்பசுதான். யானையின் பங்காளி வீடு தொண்டிப் பக்கம் இருக்கிறது என்று எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. நீர்யானைக்கும் யானைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதற்கு நெருங்கிய சொந்தம் திமிங்கிலம்.

நீர்யானை என்றதும் நினைவு வருகிறது. சுகருக்கு நடக்கிறாயா, நடக்கிறாயா என்று அம்மா தினமும் கேட்கிறாள். எங்கே நடக்க? இந்த ஊருக்கும் காட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. இருட்டினால் ஆற்றிலிருந்து நீர்யானை புல் மேய ஏறி வரும். ஒன்றரை டன் உடம்பு, ராத்திரிக்கு 40 கிலோ புல். தண்ணீருக்குள் அது நீந்துவதே இல்லை. ஆற்றடியில் நடக்கிறது, உந்துகிறது, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூச்சுக்கு மேலே வருகிறது. தூக்கத்தில்கூட முழிக்காமலே மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுமாம். தோலில் இளஞ்சிவப்பாக ஒன்று கசிகிறது. வெயிலுக்கும் கிருமிக்கும் அதுவே களிம்பு, கடையில் வாங்க வேண்டியதில்லை. கரையேறினாலோ மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடும். வேகமாக ஓடும்போது நாலு காலும் ஒரு கணம் அந்தரத்தில் நிற்பதை 2024இல் இங்கிலாந்தில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். யானையால் அது முடியாது, ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்கும். ஆகவே துரத்துவது நீர்யானையா யானையா என்று காலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம், நின்று பார்க்க நேரம் இருந்தால். நான் ராத்திரியில் பக்கத்துத் தெருவுக்குக்கூடக் காரில்தான் போகிறேன். நடப்பதெல்லாம் கடைக்குள், சிமெண்டு மூட்டைக்கும் ஆணிப் பெட்டிக்கும் நடுவே.

சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். எல்லாமே சிரிப்பு இல்லை. போன அறுவடைக்கு முன்னால் ஒரே ராத்திரியில் வீட்டுக்கார அம்மாவின் மக்காச்சோளம் முழுக்கப் போனது. காலையில் அந்த வெற்று நிலத்தில் அவர் நின்ற நிலையைப் பார்த்தபிறகு லத்தி பிசைய மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூடலூர்ப் பக்கத்து ஜனங்களிடம் சொன்னால் புரியும். இங்கே வரும் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களுக்கு யானை என்றால் ஜீப்பின் மேலிருந்து எடுக்கும் போட்டோ. 2014இல் இங்கே வேட்டையை நிறுத்தினார்கள், 2019இல் திரும்ப அனுமதித்தார்கள். வேட்டையாடிய தலையையும் தந்தத்தையும் உள்ளே விடமாட்டோம் என்று ஜெர்மனியில் பேச்சு எழுந்தபோது, அப்போதைய ஜனாதிபதி மசிசி 2024இல், அப்படியென்றால் உங்களுக்கு 20,000 யானை அனுப்புகிறேன், நாங்கள் வாழ்கிற மாதிரி அவற்றோடு வாழ்ந்து பாருங்கள் என்றார். வேட்டை சரியா தப்பா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பெர்லினில் யாராவது சாயங்காலம் செங்கல் அச்சோடு உட்காருவதை நினைத்து வீட்டுக்கார அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மார்க்கெட் பார்க்க நேரிலேயே வருகிறேன் என்று அத்தான் கடைசி மெசேஜில் மிரட்டியிருக்கிறார். வரட்டும். வந்தால் பழைய செருப்போடு வரச் சொல். காட்டெருமைகள் கோமாரியைச் சுமந்து திரியும் நாடு இது. மாட்டு இறைச்சி ஏற்றுமதி இவர்களுக்குப் பெரிய வரும்படி. அதனால் ஊருக்கு ஊர் வேலி போட்டு, சாலையில் கேட்டு வைத்து, காரை நிறுத்தி மருந்துத் தண்ணீரில் மிதிக்கச் சொல்வார்கள். காலில் இருப்பது மட்டும் இல்லை, பெட்டிக்குள் இருக்கும் செருப்பையும் எடுத்து முக்க வேண்டும். என் தலைதீபாவளி லெதர் செருப்பு இப்படி முங்கி முங்கியே அப்பளம் ஆகிவிட்டது. மனிதனும் மாடும் தாண்ட முடியாத அந்த வேலியை யானை மட்டும் சாய்த்துப் போட்டுவிட்டு நடந்து போகும். அதனிடம் செருப்பைக் கழற்று என்று யாரும் சொல்வதில்லை.

சுமதி வளைகாப்புக்கு வரச் சொல்லி எழுதியிருந்தாய். லீவு கேட்டேன். வருஷக் கணக்கு முடிகிற நேரம், முடியாது என்றுவிட்டார்கள். இங்கே பெண் யானைக்கு 22 மாதம் கர்ப்பம். நம் வீட்டுப் பெண்ணும் அத்தனை நிதானமாகச் சுமந்தால் மாமன் கையால் வளையல் போட்டிருப்பேன். யார் போட்டாலும் முதல் ஜோடி என் பெயரைச் சொல்லிப் போடச் சொல். பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். அதில் கொஞ்சம் எடுத்து, ஆகஸ்டில் இங்கே வரும் சாத்தூர்ப் பையனிடம் வத்தல் கொடுத்துவிடு. தனித்தனிப் பொட்டலமாகக் கட்டு. எனக்கானது சுமாராக இருந்தால் போதும்.

அன்புத் தம்பி