முன்வாசல் வரை வந்த இணையம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வீட்டு இணையத்தை ஆராயப் புகுவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, பிரித்தானியாவில் இணையம் முன்வாசல் வரை ஒருவர் பொறுப்பு, முன்வாசலுக்கு உள்ளே வேறொருவர் பொறுப்பு என்பதேயாகும். வாசல் வரை கொண்டுவந்து விடுபவர் நிறுவனத்தார். அங்கிருந்து அடுக்களைக்கும் மாடிக்கும் பரணுக்கும் கொண்டுசேர்க்க வேண்டியவர், மாதம் தவறாமல் பணம் கட்டுகிற வீட்டுக்காரர். ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் தங்கள் தம்பி மகனின் முகம் வாய் திறந்தபடியே உறைந்து நிற்பது ஏன் என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். லண்டனுக்குப் போயும் இந்த லட்சணந்தானா என்று ஒரு வரியும் சேர்த்திருந்தீர்கள். அவ்வினாவுக்கு உரிய விடையைச் சற்று விரிவாகவே கூறுகிறது இக்கடிதம்.

வாசலுக்கு இணையம் வந்து சேரும் வழி தெருவுக்குத் தெரு வேறுபடும். பழைய முறையில், தெருமுனையில் நிற்கும் பச்சை நிற இரும்புப் பெட்டி வரை கண்ணாடி இழையும், அங்கிருந்து வீடு வரை தொலைபேசிக்கென்று என்றோ இழுத்த செம்புக் கம்பியும் இருக்கும். இதில் நொடிக்கு ஏறத்தாழ 80 மெகாபிட் என்பதே உச்சம், பெட்டி தள்ளி இருந்தால் அதுவும் தேய்ந்துகொண்டே போகும். (மெகாபிட் என்பது பத்து லட்சம் பிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதை எந்த விளம்பரமும் உரக்கச் சொல்வதில்லை.) புதிய முறையில் கண்ணாடி இழையே கம்பத்திலிருந்து இறங்கிச் சுவரைத் துளைத்து உள்ளே வந்து, ஓஎன்டி எனப்படும் வெள்ளைப் பெட்டி ஒன்றில் முடிகிறது, ஒளியாக வரும் செய்தியை மின்குறிகளாக மாற்றி ரூட்டருக்குக் கொடுப்பது அப்பெட்டியின் வேலை. செம்புக் கம்பியில் ஓடும் பழைய தொலைபேசி முறைக்கே அந்நாடு 2027 ஜனவரியோடு விடை கொடுக்க இருப்பதால், இனி வீட்டுத் தொலைபேசியையும் ரூட்டரின் முதுகில்தான் செருக வேண்டும். கரண்ட் போனால் போனும் போகும் என்ற அனுபவம், தங்கள் ஊராகிய கும்பகோணத்தார் அறிந்த அளவுக்கு லண்டன்காரர் அறியாதது.

இணைப்புக் கொடுக்க ஆள் வரும் நாள் தனியே ஆராயத் தக்கது. கும்பகோணத்தில் கேபிள்காரரிடம் காலையில் சொன்னால், மாலைக்குள் மின்கம்பத்திலிருந்து வேப்பமரம், வேப்பமரத்திலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் என்று இழையைக் கட்டி இழுத்து, ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். லண்டனிலோ பல வாரங்களுக்கு அப்பால் ஒரு தேதியைக் குறித்து, அன்று காலை எட்டு மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் இடையில் பணியாளர் வருவார் என்று குறுஞ்செய்தி அனுப்புவர். அந்த ஐந்து மணி நேரமும் வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மாடிக் குளியலறைக்குப் போனால் வாசல் மணி காதில் விழாது என்ற அச்சத்தில் கீழேயே அமர்ந்திருப்பார். ஆள் வராவிட்டாலும் நட்டமில்லை. தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் என்ற அமைப்பின் ஏற்பாட்டின்படி, 2019 ஏப்ரல் முதல், அத்திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள் தவறவிட்ட சந்திப்புக்கு ஈட்டுத்தொகை தருகின்றன. தொடக்கத்தில் 25 பவுண்டாக இருந்த அத்தொகை, விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது. வேலை செய்யாமலிருப்பதற்கும் விலை நிர்ணயித்து, அவ்விலையையும் ஆண்டுதோறும் உயர்த்தும் சமூகம் பண்பட்ட சமூகமே என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வருகிற பணியாளரும் மரியாதையானவர். காலணியின் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, முன்வாசலை ஒட்டிய நடையில் பெட்டியைப் பொருத்தி, பச்சை விளக்கு எரிவதைக் காட்டி, வணக்கம் சொல்லிப் போய்விடுவார். வீட்டின் மறு கோடியில் அறைகள் உண்டா என்று கேட்பது அவர் கடமையன்று.

மறு கோடியில்தான் எல்லாம் இருக்கிறது. ஈஸ்ட் ஹாம் தெருக்களில் நிற்பவை பெரும்பாலும் விக்டோரியா அரசியின் கடைசிக் காலத்திலும் அவர் மகன் எட்வர்டின் காலத்திலும் எழுந்த வரிசை வீடுகள். ஒன்றோடொன்று ஒட்டி, பக்கத்து வீட்டாரோடு சுவரைப் பங்கிட்டு, அகலம் குறைந்து நீளம் மிகுந்து நிற்பவை. வெளிச்சுவர் ஒன்பது அங்குலத் திண்ணிய செங்கல். அறைதோறும் குளிர்காய அடுப்பு வைத்திருந்த காலத்தில் எழுப்பிய செங்கற் புகைபோக்கிகள், நெருப்பு அணைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் வழியை மறித்தபடியே இருக்கின்றன. சமையலறை கடைக்கோடியில் பின்னாளில் ஒட்டப்பட்டது. ஒரு காலத்தில் வெளிச்சுவராக இருந்தது இப்போது அதற்கு நடுச்சுவர். ஓட்டுக் கூரைக்கு அடியிலுள்ள பரணைச் செப்பனிட்டு அறையாக்கி 'லாஃப்ட்' என்பர். குளிர் தாங்குவதற்காக அதன் சரிவுகளில் அலுமினியத் தாள் ஒட்டிய பலகைகளைப் பதிப்பர். அலுமினியத் தாளுக்கு வெப்பம் வேறு, வானொலி அலை வேறு என்ற பாகுபாடு கிடையாது. இரண்டையும் திருப்பி அனுப்பிவிடும். பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய அந்த அறையைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அங்கே வைஃபை வரவில்லை என்று அவன் படி அதிர இறங்கி வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பது குடியேறிய வாழ்வின் பேறுகளுள் ஒன்று.

வைஃபை என்பது வானொலியே. அது 2.4, 5, அண்மைக் காலமாக 6 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 சுவர்களைப் பொறுமையோடு கடக்கும், ஆனால் வேகம் குறைவு. 5 வேகமானது, ஆனால் இரண்டு செங்கற் சுவர்களைக் கண்டால் களைத்துவிடும். 6 அதனினும் மென்மையானது. 2.4இல் பிரித்தானியாவில் 13 தடங்கள் இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி வழக்கமாக மூன்று தடங்களையே ஒரே சமயத்தில் பயன்படுத்துவர். வரிசை வீட்டிலோ இருபுறத்து வீடுகளும், எதிர்வரிசையும், அறை அறையாக வாடகைக்கு விட்ட மூன்றாவது வீட்டின் ஒவ்வோர் அறையும் தத்தம் ரூட்டரோடு அந்த மூன்றிலேயே வந்து குவிகின்றன. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. ஆறு மாதப் பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் தங்கள் தம்பி மனைவியார் பின்னறையில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கையில், அடுத்த அறையில் மருமகள் சாம்பாரைச் சூடு பண்ணும் அந்த இரண்டு நிமிடமும் படம் நின்று வட்டம் சுழல்வது தற்செயலன்று, இயற்பியல். இதனை அவர்கள் இன்றளவும் ஏற்கவில்லை. மருமகளின் உள்நோக்கம் என்றே கருதுகிறார்கள்.

இந்நோய்க்கு ஈஸ்ட் ஹாம் தமிழர் தேடும் முதல் மருந்து, 'எக்ஸ்டெண்டர்' எனப்படும் மலிவான கருவி. ரூட்டரின் குரலைக் கேட்டு அதையே உரக்கத் திருப்பிச் சொல்வது அதன் தொழில். ஆனால் மலிவான வகையில் கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒரே அலைவரிசைதான் இருப்பதால், பந்தியில் ஒருவரே ஒற்றை வாளியோடு கோட்டை அடுப்புக்கும் இலைக்கும் ஓடி ஓடிப் பரிமாறும் கதையாகி, வேகம் பாதியாகும். இரண்டாம் மருந்து, 'பவர்லைன்' என்பது. மின்சாரக் கம்பியையே இணையக் கம்பியாகவும் பயன்படுத்தும் இந்த இணைக் கருவிகளில் ஒன்றை ரூட்டரின் அருகிலுள்ள பிளக்கிலும் மற்றொன்றை வேண்டிய அறையின் பிளக்கிலும் செருகினால் போதும். பெட்டியின் மேல் 1000, 2000 என்று அச்சிட்டிருக்கும். கையில் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்கே. நீட்டிப் பலகையில் செருகினால் அதுவும் இல்லை. கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் தனித்தனி மின்சுற்று ஓடும் வீடுகளில், இன்று ஓடியது நாளை ஓடும் என்று யாரும் உறுதி கூற இயலாது.

மூன்றாம் மருந்தாகிய 'மெஷ்' மதிப்புடையது. வீட்டின் பல இடங்களில் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொண்ட சிறு சிறு கருவிகளை வைத்து, அவை ஒன்றோடொன்று பேசி வீடு முழுவதையும் ஒரே வலைக்குள் கொண்டுவரும் ஏற்பாடு அது. ஆயினும் அக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்வதும் வானொலியில்தான் என்றால், அந்தப் பேச்சும் அதே செங்கல்லைக் கடந்தாக வேண்டும். கடைக்கோடிச் சமையலறைக்கு வந்து சேர்வது மிச்சம் மீதியே. அவற்றுக்கிடையே ஒரு கேபிளை இழுத்துவிட்டால் நிலைமை தலைகீழாக மாறிவிடும். கம்பியில்லா இணையம் நன்றாக ஓட வேண்டுமானால் கம்பி இழுக்க வேண்டும் என்பதே இத்துறையில் கடைசியாக வந்து சேரும் முடிவு. இதற்கு முந்தைய முடிவுகளெல்லாம் அலமாரியின் அடித்தட்டில் பிளக்கோடு உறங்குகின்றன.

இழுக்க வேண்டியது 'ஈதர்நெட்' கேபிள். ராபர்ட் மெட்காஃப் என்பவர் 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் வகுத்த முறையின் வழிவந்தது அது. உள்ளே எட்டுச் செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு இணைகளாக இருக்கும். அம்முறுக்கு அழகுக்காக அன்று, வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதற்காக. 'கேட் 5இ' என்ற வகையே நொடிக்கு ஒரு கிகாபிட்டை 100 மீட்டர் வரை சுமக்கும். 'கேட் 6' இன்னும் மேல். ஈஸ்ட் ஹாம் வீட்டின் நீளத்துக்கு எதுவும் தாராளம். மலிவு விலையில் விற்கும் சில சுருள்களில் செம்பு முலாம் பூசிய அலுமினியம் இருக்கும்; வளைத்தால் ஒடியும், சிறிது காலம் ஓடிவிட்டுக் கழுத்தறுக்கும். சுருளின் மேல் முழுச் செம்பு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

நுனியில் தலை மாட்டும் வேலைதான் உயிர்நிலை. மேலுறையை இரண்டு விரற்கடை உரித்து, முறுக்கைப் பிரித்து, ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பழுப்புவெள்ளை, பழுப்பு என்ற வரிசையில் எட்டையும் படிய வைத்து, நுனியை ஒரே சீராக நறுக்கி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தலைக்குள் செலுத்தி, எட்டும் முனை வரை எட்டிவிட்டனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே இடுக்கியால் அழுத்த வேண்டும். அழுத்துவதற்குச் சற்று முன் பச்சையும் நீலமும் தமக்குள் இடம் மாற்றிக்கொள்வது வழக்கம். லண்டனின் மங்கிய பிற்பகல் வெளிச்சத்தில் பழுப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறிவதற்குப் பிள்ளைகளின் கண்ணை இரவல் வாங்குவர்.

சுவரைத் துளைப்பது வேறொரு சாத்திரம். வாடகை வீடாயின் வீட்டு உரிமையாளரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். சொந்த வீடாயினும், 2000க்கு முன் கட்டிய எந்த வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பொருள் இருக்கக்கூடும். அந்நாடு அதனை முழுமையாகத் தடை செய்தது 1999இல்தான். அதிலும் கோலப் பொடியைக் குழைத்து அப்பியதுபோன்ற பழைய உட்கூரைப் பூச்சைச் சோதிக்காமல் துளையிடுவது நுரையீரலுக்குக் கேடு. எனவே பலரும் உள்ளே கைவைக்காமல் வெளியே போகின்றனர்: வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் கறுப்பு உறைக் கேபிளை நடையிலிருந்து வெளியேற்றி, மழைநீர்க் குழாயின் ஓரமாகவே சுவரில் ஏற்றி, மாடியிலும் பரணிலும் மறுபடி உள்ளே நுழைக்கின்றனர். துளை வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். நுழையுமிடத்தில் கேபிளைச் சற்றே தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் லண்டன் மழை கேபிளைப் பிடித்துக்கொண்டே படுக்கையறைக்கு வந்துவிடும். வீட்டுக்குள் வரும் கேபிள் கண்ணில் படலாகாது என்பது இல்லத்தரசியின் தீர்ப்பு. அதன்மேல் முறையீடு இல்லாததால், கம்பளத்தின் ஓரத்துக்கும் சுவரடிப் பலகைக்கும் இடையிலுள்ள சந்து வழியாக அது மறைந்து செல்லும்.

கேபிள் போய்ச் சேர்ந்த இடத்தில் வைக்கும் கருவியை 'அக்சஸ் பாயிண்ட்' என்பர். கம்பியில் வருவதை அவ்வறைக்கு மட்டும் வானொலியாக்குவது அது. வீட்டில் கிடக்கும் பழைய ரூட்டரையே இதற்குப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் டிஹெச்சிபி என்னும் வேலையை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் முகவரி எண் வழங்கும் அதிகாரத்தை, முதலில் பறித்துவிட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேர் எண் வழங்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைக் கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதன் பின்னும் சில கைப்பேசிகள், பரணுக்கு ஏறிய பிறகும் கீழ்நடை ரூட்டரையே பிடித்துக்கொண்டு விட மறுக்கும். எந்தக் கருவியோடு சேர்வது என்று முடிவு செய்வது கைப்பேசியே, ரூட்டர் அன்று. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் புத்தி வரும்.

மேற்கூறிய யாவும் ஈஸ்ட் ஹாம் வீட்டில் நிறைவேறி, முன்னறையும் பின்னறையும் பரணும் கேபிளால் இணைந்துவிட்டன; சாம்பார் சூடாகும்போதும் சீரியல் ஓடுகிறது. வீடியோ அழைப்புக்கு நொடிக்கு நாலைந்து மெகாபிட் போதும் என்றிருக்க, இப்போது அதைப்போல் பல மடங்கு கிடைக்கிறது. அப்படியிருந்தும் சென்ற ஞாயிறு தங்கள் முகம் வெற்றிலையை வாயருகே கொண்டுபோனபடியே உறைந்து நின்றது. ஆகவே ஆய்வு இனிக் கும்பகோணத்தில் தொடர வேண்டியிருக்கிறது. அங்கே ரூட்டர் உள்ளறையில் இரும்புப் பீரோவின் மேல், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருப்பதும், தாங்கள் பேசுவது திண்ணையிலிருந்து என்பதும் நம்பத்தகுந்த வட்டாரங்களிலிருந்து தெரியவந்துள்ளன. தயவுசெய்து அதனை இறக்கிக் கூடத்துச் சுவரில், திண்ணைக் கதவைப் பார்த்தபடி மாட்டச் செய்யுங்கள். ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஆணி போதும்.

இங்ஙனம்,
தங்கள் தம்பி மகன்