லங்காவிக்குப் போற மாப்பிள்ளைக்கு

வாய்யா மாப்பிள்ளை, பசியாறியாச்சா? எங்கே ஆகியிருக்கும்! உன் போன்ல இருக்கிற பட்டியல்ல அதுக்கு நேரம் ஒதுக்கியிருக்க மாட்டே. உட்கார். ஒட்டுக்கடை ரொட்டி சானாய் வரட்டும்.

என்ன சொன்னே? "போன தடவையே கோலாலம்பூரைப் பார்த்துட்டேன் மாமா, இந்தத் தடவை லங்காவி"யா? சரிதான். கல்யாணத்துல ஒரு வேளை பந்தியில உட்கார்ந்தவன், அந்த வீட்டையே அளந்துட்டேன்னு சொன்னானாம்.

அப்போ பத்துமலையும் பார்த்திருப்பே. நீ பார்த்தது எந்தப் பத்துமலை? செலாயாங்ல இருந்து கூப்பிடு தூரம், நான் பார்க்காத பத்துமலையா? 140 அடி முருகன் 2006-ல வந்து நின்னாரு. அதுக்கு முன்னால வந்தவன் அண்ணாந்து பார்த்தது வெறும் பாறையைத்தான். 272 படிக்கும் வானவில் சாயம் பூசினது 2018-ல. அதுக்கு முன்னால பார்த்துட்டுப் போன என் கூட்டாளி, அடுத்த தடவை வந்து படியை மிதிக்கவே யோசிச்சான், சாயம் காலில் ஒட்டிக்குமோன்னு!

வெள்ளித் தேர் தெரியுமா? தைப்பூசத்துக்கு ரெண்டு நாள் முன்னால ராத்திரி, ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயில்ல இருந்து முருகனோட பத்துமலைக்குக் கிளம்பும். மொத்தமே பதினஞ்சு கிலோமீட்டர். நீ கிராப் டாக்சி பிடிச்சா அரை மணி நேரம். முருகனுக்கோ விடிஞ்சு வெயில் ஏறிடும். வழியெல்லாம் நிப்பாரு, அர்ச்சனைத் தட்டு வாங்குவாரு, ஜாலான் ஈப்போ ஓரத்துல தேங்காய் உடைக்கிற கிழவியைக்கூட விசாரிப்பாரு. 1892-ல இருந்து பூசம் நடக்குது. வருசா வருசம் அதே தெரு. "போன வருசமே பார்த்துட்டேன், இந்த வருசம் லங்காவி"ன்னு ஒரு தடவையாவது சொன்னாரா? வேலையில்லாத சாமி போல!

நானும் அந்தச் சாதிதான். மாசம் ஒரு தடவை பிரிக்பீல்ட்ஸ்ல முடிவெட்டிக்கிறேன். தலையில முடி போயிருச்சு, வெட்டுறவரை விடலை. அவர் கத்தரியை வெறும் காத்துல 'கிச் கிச்'சுன்னு ஆட்டி, பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ்ல யார் வீட்டு மாமரம் எங்கே இருந்துச்சுன்னு சொல்லுவாரு. செங்கல் சூளை போட்ட ஊர்ய்யா அது, பேரே அப்படித்தான் வந்துச்சு. இப்ப அங்கே உயரமா கட்டடம். அந்த மாமரத்தை உன் போன்ல தேடிப் பாரேன்.

இல்லை, நீ லங்காவிக்கே போ. நான் தடுக்கலை. ஆனா பிளேன் நாளைக்குத்தானே? இன்னிக்கு சாயங்காலம் செலாயாங் சுடுதண்ணிக் குளத்துக்குப் போவோம். காலை விட்டுக்கிட்டுச் சும்மா உட்காரணும், அவ்வளவுதான். பக்கத்துல உட்கார்றவர் மலாய்க்காரரா சீனரான்னு பார்க்காதே, எல்லாருக்கும் முட்டி வலி ஒண்ணுதான். துண்டு எடுத்துக்க. போனையும் எடுத்துக்கவேன், தண்ணியில விழுந்தா அதாவது இந்த ஊர்ல கொஞ்ச நாள் தங்கும்.