விட்டுவைத்த நீருக்கு விலை

கேள்வி: பஞ்சாபில் பாசன மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசம், நிலத்தடி நீரோ வருஷத்துக்கு வருஷம் கீழே போகிறது. மானியத்தை நிறுத்திவிட்டால் விவகாரம் தீர்ந்துவிடாதா?

பதில்: தீராது. 1997-இல் வந்த இலவச மின்சாரமும், நெல்லை நிச்சயமான விலைக்கு வாங்கிக்கொள்ளும் சர்க்கார் கொள்முதலும் சேர்ந்து, ரொட்டியைப் பிரதான ஆகாரமாகக் கொண்ட ஒரு ராஜ்யத்தைத் தன் கிணற்று நீரையெல்லாம் அரிசியாக்கி வெளியூர்களுக்கு ரயிலேற்றி அனுப்பும்படி பழக்கிவிட்ட பிறகு, விவசாயியை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது தர்மமாகாது. மே மாத வெயிலில் நட்ட வயலுக்கு இறைக்கும் நீரில் கணிசமான பங்கு சூரிய பகவானுக்கே நைவேத்தியமாகிவிடுகிறது என்பதால், ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்று 2009-இல் இயற்றிய சட்டம் விவேகமானது; அதனினும் விவேகமானது 2018-இல் தொடங்கிய திட்டம். விரும்பிச் சேரும் விவசாயிக்கு இவ்வளவு யூனிட் மின்சாரம் என்று அளந்து கொடுத்து, அதில் அவர் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். எடுத்த நீருக்கு அபராதம் விதிப்பதைவிட விட்டுவைத்த நீருக்குச் சன்மானம் அளிப்பது எவ்வளவு மேலான யோசனை! மானியம் அப்படியே இருக்கிறது. அதன் முகந்தான் திரும்பியிருக்கிறது.

ஆனால் இதற்கு மோட்டார்தோறும் மீட்டர் வேண்டும். விவசாயி நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாற, மக்காச்சோளத்துக்கும் பருப்பு வகைகளுக்கும் ஆதரவு விலையை அறிவிப்பதோடு நில்லாமல், நெல்லைப் போலவே அவற்றையும் சர்க்கார் மண்டியில் நின்று வாங்கவும் வேண்டும்.