சட்டையேறி வந்த பூனை

வாலே பேராண்டி, இப்படி உக்காரு. அந்த செல்லைக் கீழ வை. “அலர்ஜியே வராத பூனை” என்ன வெலன்னு தேடிக்கிட்டுக் கெடக்கியாமே? அடக் கிறுக்கா! நக்காத பூனை எங்கலே இருக்கு?

பூனை முடி உள்ள போனா இழுப்பு வரும்னு நம்மூர்ல சொல்லுவாவ. முடி பாவம்லே, அது வெறும் வண்டி. அதுல ஏறி வாரது பூனை எச்சியிலயும் தோலுலயும் ஊறுத ஒரு புரதம். நாள் பூரா ஒடம்ப நக்குதுல்லா? அது காஞ்சு பொடியாயி, காத்துல மணிக்கணக்கா மெதக்கும். சில பூனைக்குக் கொஞ்சம் கம்மியா ஊறும். அம்புட்டுதான். அதுக்கா ஆயிரமாயிரமாக் கொட்டப் போற?

இப்ப வீட்டுல கெடக்குத பூனையால ஒம் மவனுக்கு ஒண்ணும் செய்யலன்னு சொல்லுவ. சரி, அவன் பக்கத்துல உக்காருத பிள்ளைக்கு?

சுவீடன்ல ஸ்டாக்ஹோம் டாக்டர்மாரு இதைத்தான் பாத்தாவ. 6 வயசுலருந்து 12 வயசு வரை, பூனை ஒத்துக்காத ஆஸ்துமாக்காரப் பிள்ளைய. வீட்டுல பூனையே கெடையாது. கோடை லீவு முடியுத வாரம் நல்லாத்தான் இருந்துதுவ. பள்ளிக்கூடம் தொறந்து ரெண்டாம் வாரம், மூணாம் வாரம் பாத்தா நெஞ்சுல விசில் சத்தம்! நம்ம வீடா இருந்தா என்ன சொல்லுவோம்? “மட்டம் போட நடிக்கான், ரெண்டு சாத்து சாத்து”ம்போம். அவுக எண்ணிப் பாத்தாவ. வகுப்புல நூத்துக்கு 18 பேருக்கு மேல பூனை வளத்தா, அங்க உக்காந்த பிள்ளைக்கு ஆஸ்துமா கூடுத வாய்ப்பு மத்த வகுப்ப விட 9 மடங்கு. 2001-ல எழுதியே வச்சிருக்காவ. பூனை வாசப்படி மிதிக்கல. பக்கத்து பெஞ்சுக்காரன் ஸ்வெட்டர்ல அந்தப் புரதச் சரக்கு ஓசியில வந்துருக்கு.

வகுப்பறைய அடிச்சுத் தொடச்சா சரியாப் போவும்னு அங்கயும் நெனச்சாவ. தொடச்சாவ, கழுவுனாவ. காத்துல மெதக்குத பூனைச் சரக்கு கொறஞ்சுதா? இல்ல. பொறவு, பள்ளிக்கூடத்துக்குன்னு தனித் துணி குடுத்துப் பாத்தாவ. இன்னொரு வகுப்புல வீட்டுப் பிராணி இல்லாத பிள்ளையளா மட்டும் சேத்தாவ. நாலு மடங்கு, ஆறு மடங்குன்னு கொறஞ்சுது. தொடப்பம் தோத்துச்சு, சட்டை ஜெயிச்சுது.

அமெரிக்காக் கதை வேற. அங்க வடகிழக்குல 37 பள்ளிக்கூடத்துத் தூசிய அள்ளிப் பாத்தா, கிட்டத்தட்ட அம்புட்டுலயும் எலிச்சரக்கு! எலிச்சரக்கு கூடுன வகுப்புல பிள்ளைக்கு இழுப்பும் கூடுச்சு. இது 2017-ல வந்த சேதி. சரின்னு காத்து வடிகட்டுத மெசினெல்லாம் வச்சாவ, எலிக்கும் வழி பாத்தாவ. 2021-ல கணக்குப் போட்டா, பிள்ளைய இழுத்துக்கிட்டுக் கெடந்த நாளு சொல்லிக்கிடுதாப்ல கொறயல. நீ என்னன்னா தவணையில மெசின் வாங்கி ஸ்கூலுக்குக் குடுத்துப் போட்டோ புடிச்சுப் போடலாம்னு நிக்க.

பூனைய விரட்டச் சொல்லல மக்கா. விரட்டுனாலும் அந்தச் சரக்கு வீட்டுல மாசக்கணக்காக் கெடக்கும். ராத்திரி பூனையோட உருண்ட சட்டையோட மவனை அனுப்பாத. தொவச்சதை மாட்டு. கெளம்புத நேரத்துல பூனைய மடியில ஏத்த விடாத. பக்கத்து பெஞ்சுப் பிள்ளையோட அய்யாவைப் பாத்தேன்னா, டாக்டர் எழுதுன இன்ஹேலர ஊருக்கு வெக்கப்பட்டு ஒளிச்சு வைக்காம வேளாவேளைக்குக் குடுக்கச் சொல்லு.