பச்சைப்பயறு முளைத்தலில் பல்வகை நீர்களின் பங்கு: ஒரு திண்டிவனம்–விழுப்புரம் ஒப்பாய்வு

திந்திரிணி என்றால் புளியமரம். அந்த மரங்கள் அடர்ந்த வனமே திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் பயறைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்க்க எவரும் முன்வராதது ஆய்வுலகில் ஒரு பெரிய இடைவெளி. அதை நிரப்பவே இக்கட்டுரை. சமையல் மேடையில் அப்படி இடைவெளி எதுவும் இல்லை என்பது இல்லாளின் மாற்றுக்கருத்து.

முன்னோடிகளை வணங்கிவிடுவோம். இவ்வூர் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களுக்கு முன்னால் நிற்கும் டி.எம்.வி. வேறொன்றுமில்லை, திண்டிவனம்தான். குடியாத்தம் கொத்து நிலக்கடலையிலிருந்து பொறுக்கியெடுத்து 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2, ஊர்ப்பெயரைச் சுமந்து ஆந்திரம், கர்நாடகம் வரை போனது. கடலை விதையைக் கடினப்படுத்த 0.5 சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசலில் ஊறவைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். லிட்டருக்கு வெறும் 5 கிராம். நெல்லுக்கு முட்டைக் கணக்கு. போட்ட முட்டை மிதந்து நாலணா அகலம் வெளியே தெரியும்வரை உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும், மணி அமிழும். எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசியாக வேண்டும்.

அலசாவிட்டால்? இந்த வினாவில்தான் நம் ஆய்வு பிறக்கிறது.

ஆறு டம்ளர், தலா முப்பது பயறு. குழாய்த் தண்ணீர், புளித்தண்ணீர், ஆறிய டீ, சர்க்கரைத் தண்ணீர், கோலி சோடா, மரக்காணத்து உப்பு கரைத்த தண்ணீர். உப்பின் செறிவை அளக்க முட்டை கேட்டேன். வெள்ளிக்கிழமை என்று மறுக்கப்பட்டது. பனைக்குப் பேர்போன மாவட்டமாயிற்றே என்று கள்ளையும் சேர்க்க நினைத்தேன், சட்டம் இடம்தரவில்லை.

உப்பு டம்ளரில் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை உறிஞ்சவேண்டிய நீரை உப்பு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. டம்ளர் நிறைய தண்ணீர், பயறுக்கோ பஞ்சம். டீயிலும் ஏமாற்றம். காஃபீனுக்கு முளையை அடக்கும் குணம் உண்டு: நம்மை எழுப்பிவிடுகிற அதே சரக்கு பயறைத் தூங்கவைக்கிறது. சர்க்கரையில் நுரை, பிறகு எறும்பு. சோடா, கோலியை உள்ளே தள்ளும்போது எழுந்த சத்தத்தோடு சரி. புளித்தண்ணீரில் ஐந்து பயறு வாய்திறந்தன. ஊர்ப்பெயருக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவே. குழாய்த் தண்ணீரில் பதினெட்டு முளைவிட்டு, மறுநாள் அவையும் அழுகி நாறின. இதற்கு மட்டும் என்னிடம் கோட்பாடு இல்லை.

ஆகவே மேல்மதிப்பீட்டுக்காக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு விழுப்புரம் அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அத்தை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்பா, தண்ணியிலயே கெடந்தா பயிறு எப்படி மூச்சு வுடும்? ராத்திரி ஊறப்போட்டு, காலையில வடிச்சுத் துணியில கட்டணும். இதுக்கா பஸ் சார்ஜ் குடுத்து வந்தே?"

உப்புத் தண்ணீரைச் சாக்கடையிலும் மற்றதைக் கருவேப்பிலை மரத்தடியிலும் ஊற்றினாள். உப்பை ஏன் பிரித்தாள் என்று நான் கேட்கவில்லை. என் ஆய்வின் ஒரே உறுதியான முடிவு அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அன்றிரவு அவளே பயறு ஊறப்போட்டாள். இரண்டு நாள் கழித்து நான் கிளம்புகையில், பழைய வேட்டித்துணியில் கட்டிய ஈரமூட்டை ஒன்றைக் கையில் கொடுத்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும் அவிழ்த்தேன். அத்தனையும் முளைத்திருந்தன. சதவீதம் போட எண்ணத் தொடங்கினேன். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப்பார்த்து, தேங்காய்ப்பூ இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். இருவருமாக எண்ணினோம். திண்டிவனம் வந்தபோது எண்ணுவதற்கு மிச்சமில்லை.