விரிசல் விட்ட டாலர்

கேள்வி: தரச்சான்று பெற்ற என் மார்கன் வெள்ளி டாலர் கை தவறி விழுந்து, பிளாஸ்டிக் உறை மூலையில் விரிசல் விட்டுவிட்டது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! அந்தப் பசையின் ஆவி வெள்ளியின் மேல் வெண்படலமாகப் படியும். விரிசல் உறைக்குத்தான், நோயை நாணயத்துக்கும் பரப்பாதீர்கள். உடைத்து வெளியே எடுத்தாலோ, உறையில் குறித்திருக்கும் 65 போன்ற தர எண் உறையோடு போய்விடும். 70 வரை போகும் நாணயத் தர அளவுகோலில் ஒரு புள்ளி குறைந்தாலே விலை சறுக்கும்.

தரச்சான்று நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டுமே கட்டணம் வாங்கிக்கொண்டு புது உறை மாற்றித் தருகின்றன. நான்கு பக்கமும் படம் எடுத்து, சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, அசையாமல் கட்டி அனுப்புங்கள். வெறும் கீறல்தான் என்றால் பிளாஸ்டிக் பாலிஷும் மென்துணியும் போதும். விரிசல் பக்கம் மட்டும் பாலிஷைக் கொண்டுபோகாதீர்கள், உள்ளே கசியும்.

அனுப்புமுன் உறையின் வயதைப் பாருங்கள். பிசிஜிஎஸ் 1986-இல் தொடங்கியபோது வந்த சிறிய உறையை 'ராட்லர்' என்பார்கள். நாணயத்தோடு அந்த உறைக்கும் சேர்த்துக் கூடுதல் விலை தரும் சேகரிப்பாளர்கள் உண்டு. உங்களுடையது அதுவாக இருந்து, விரிசலும் மயிரிழைதான் என்றால், மாற்றவே மாற்றாதீர்கள்!