ஒற்றை வாக்காளரின் மாகாணம்

கிழக்கு மாகாண ஆளுநர் தேர்தலின் இறுதி முடிவு: பதிவு செய்யப்பட்ட வாக்காளர் ஒருவர். அளிக்கப்பட்ட வாக்கு ஒன்று. நிராகரிக்கப்பட்டவை இல்லை. வாக்குச்சாவடி, கொழும்பு ஜனாதிபதி செயலகம்.

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் பாவம், ஆளுநராக நீடிக்க ஆசைப்படுகிறவர் பால்பண்ணைக்காரரின் கையையெல்லாம் பிடித்துக் குலுக்க வேண்டியிருக்கிறது. குலுக்கியும், 2018இல் விஸ்கொன்சின் மக்கள் ஆளுநர் ஸ்கொட் வாக்கரை ஏறத்தாழ 30,000 வாக்கு வித்தியாசத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆளுநர் செயலகம் இருக்கும் எங்கள் உவர்மலைக்கு அந்தத் தொல்லை கிடையாது. புதியவர் வருகிறார் என்பார்கள், பொன்னாடையோடு போவோம். போய்விட்டார் என்பார்கள், அடுத்தவருக்குப் பொன்னாடை வாங்கப் போவோம்.

நாங்கள் தெரிவு செய்த மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அப்போது ஆளுநர் கதிரையில் ரோகித போகொல்லாகம. அதன்பின் ஹிஸ்புல்லா, ஷான் விஜயலால் டி சில்வா, அனுராதா யஹம்பத், செந்தில் தொண்டமான், ஜயந்த லால் ரத்னசேகர என்று கதிரை கைமாறியது. இவர்களில் ஹிஸ்புல்லா காத்தான்குடிக்காரர். அவர் போன கதைதான் அருமை. அவரை நீக்கச் சொல்லிக் கண்டியில் அத்துரலியே ரத்தன தேரர் உண்ணாவிரதம் இருந்தார். 2019 ஜூன் 3இல் எங்கள் ஆளுநர் பதவி விலகினார். ஆக, எங்கள் ஆளுநரை இறக்கும் உரிமையும் ஒருவருக்கு உண்டு, கண்டியில் படுத்தால். மூதூர் முழுவதும் பட்டினி கிடந்தாலும் இங்கே ஒரு கோப்புக்கூட அசையாது.

மாகாண சபைத் தேர்தல் எங்கே போனது? 2017இல் பெண்களுக்கு இடம் ஒதுக்கப் போவதாகச் சொல்லி ஒரு சட்டமூலம் வந்தது. குழுநிலையில் அதற்குள் எல்லை நிர்ணயத்தைத் திணித்தார்கள். எங்கள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஆதரித்து வாக்களித்தது. அதை இன்று யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139, ஆதரவாகப் பூச்சியம். சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்தார்! பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு. இரண்டு மாதத்தில் அறிக்கை தரவேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை.

சபைக்குத்தான் நேரமில்லை, செயலணிக்கு இருந்தது. 2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருளைக் காக்கப் பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் ஒன்றை அமைத்தார்கள். அமைத்தபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. திருகோணமலை மாவட்டத்து இலங்கைத்துறை முகத்துவாரத்துக் குன்றில் விகாரை ஏறிய கதை தெரிந்த எங்களிடம் எதற்குக் கேட்பான் என்று விட்டுவிட்டார்கள்போலும். கேள்வி கேட்கவேண்டிய மாகாண சபையின் 37 ஆசனங்களும் காலி.

கடைசியாக நாங்கள் மாகாண சபைக்கு வாக்களித்தது 2012 செப்டெம்பர் 8. அன்று பிறந்த பிள்ளைகள், மாகாண சபை மக்களால் தெரிவு செய்யப்படுகிறது என்று குடியியற் பாடத்தில் எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள். பிழை என்று வெட்ட எந்த ஆசிரியர் துணிவார்? மாகாண அரச சேவை ஆளுநரின் கையில் இருக்கிறது, அந்த ஆசிரியரின் இடமாற்றமும் அதற்குள்தான்.